கட்டிலுக்கு அடியில எலுமிச்சம்பழம்

அந்தப் பைய சீட்டுக்கு அடியில நல்லா உள்ள தள்ளி வைங்க கண்ணு. கால் பட்டுரக் கூடாது, உள்ள கல்யாணப் பத்திரிக்கை இருக்குது, வெத்தலை பாக்கு இருக்குது. எடைஞ்சலா இருந்தாச் சொல்லுங்க, மடியில வெச்சுக்கறேன். கோபி வரைக்கும்தானுங்க. நீங்களும் கோபிதானா? பேங்குலயா வேலை? நல்லதுங்க. அப்ப உங்களுக்கு இங்கிலீசெல்லாம் நல்லா வரும். எனக்கும் இப்பக் கொஞ்சம் வருமுங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். ஆனா அத நான் எப்படிக் கத்துக்கிட்டேன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க.

பத்திரிக்கை என்ற பையன் கல்யாணத்துக்குங்க. ஒரே பையன், நவநீதன்னு பேரு, பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. தை மாசம் கல்யாணம். இப்ப பத்திரிக்கை வெக்கப் போறது என்ற ஓரகத்திக்கு, எங்க ஊட்டுக்காரரு தம்பி சம்சாரத்துக்கு. தெய்வானைன்னு பேரு. ஈரோட்டுல எங்க ஊட்டுக்கும் அவ ஊட்டுக்கும் நடுவுல ஒத்தச் செவுருதான். கொழுந்தனாரு தவறிப்போன பொறகு தனியாத்தான் இருந்தா. இப்ப ஊட்டப் பூட்டிட்டு கோபியில மக ஊட்டுல வந்து உக்காந்திருக்கறா. நான் ஒண்ணும் தாங்கிப் புடிக்கப் போகலீங்க. பத்திரிக்கை வெக்கோணும், வெச்சுட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சுருவேன்.

அவ ஏன் போனான்னு கேக்கறீங்களா? கேக்கலியா? பரவால்ல, சொல்றேன்.

போன பொங்கலுக்கு வந்த பையன், சக்கரப் பொங்கலத் தின்னுக்கிட்டே, கூட வேலை செய்யற புள்ளையக் கட்டிக்கப் போறேங்கறான். லின்தோய்னு பேராம். எந்த ஊருன்னேன். மணிப்பூருன்னான். காங்கேயத்துக்குப் பக்கமாடான்னு கேட்டேன். போன்ல படம் போட்டுக் காட்டறான், நாட்டோட அந்தக் கோடி மூலையில இருக்குது. அந்தப் புள்ள என்னடா பேசும்னேன். அவங்க பாசை பேசுமாம், இங்கிலீசு பேசுமாம். தமிழு? அது மெதுவாக் கத்துக்குமுங்கறான்.

சாதி சனம் என்ன சொல்லும்ங்கறது ஒரு பக்கம் கெடக்கட்டுமுங்க. எனக்கு வேற வெசனம். மருமவள்னு ஒருத்தி வந்தா அடுப்படியில வந்து நிப்பா. நான் ஒண்ணு சொல்லோணும், அவ ஒண்ணு சொல்லோணும். பையனும் அவளும் இங்கிலீசுல பேசிச் சிரிப்பாங்க. எங்க ஊட்டுக்காரரு கூடத் தறி ஓட்டுன காலத்துல வடக்கத்தி ஏவாரிகளோட பேசிப் பழகுனவரு, நாலு வார்த்தை தட்டுத் தடுமாறிச் சொல்லீருவாரு. நான் மட்டும் அவங்க மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு, என்ற ஊட்டுல நானே விருந்துக்கு வந்த ஒறம்பறையாட்ட உக்காந்திருக்கோணுமா? முடியாதுன்னுட்டேன். இந்த ஊட்டுல அந்தப் புள்ள பேரெடுத்தா நான் பவானி ஆத்துல போய் உழுந்துருவேன்னுட்டேன். உழுகற ஆளில்லதான், ஆனா அப்படிச் சொன்னாத்தான் ஆம்பளைங்க வாய மூடறாங்க.

இதுதான் சமயம்னு தெய்வானை செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து, எங்கண்ணம் மக ஒருத்தி இருக்கறாளுங்க அக்கா, நவநீதனுக்குப் பாக்கலாமான்னு கேட்டா. நல்ல புள்ளதான், கொற சொல்ல முடியாது. ஆனா அவ அண்ணம் மக வந்துட்டா செவுத்துக்கு ரெண்டு பக்கமும் அவ ராச்சியமாயிரும் பாருங்க. அதனால அதுவும் வேண்டாம்னுட்டேன். அவ மொகம் சுண்டிப்போச்சு. ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டா. அந்தப் பேசாமப் போனதுதானுங்க எனக்கு மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

ஆடி மாசம். ஊடு கூட்டறேன். கட்டிலுக்கு அடியில வெளக்கமாத்த உட்டு இழுத்தா, ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு வருது. சும்மா பழமில்லீங்க, காம்பும் எலையுமாப் பறிச்ச பழம். எங்க ஊட்டுல எலுமிச்ச மரமே இல்ல. மரம் தெய்வானை ஊட்டுல இருக்குது. ஒரு கெளை செவுத்தத் தாண்டி எங்க பக்கம் தொங்கும், அது வேற விசயம்.

செரி, போனாப் போகுதுன்னு தூக்கி வெளிய போட்டேன். ரெண்டு நாள் போச்சு. பூசை ரூமுல தண்ணி மாத்தலாம்னு சொம்ப எடுத்தா உள்ள ஒரு முட்டை. பூசை ரூமுலீங்க, முட்டை. எங்க ஊட்டுக்காரரக் கூப்புட்டுக் காட்டறேன், கோழி வந்து போட்டிருக்குமுங்கறாரு. எங்க ஊட்டுல கோழியும் இல்ல. கோழி எப்படீங்க பூசை ரூமுக்கு வந்து சொம்புக்குள்ள குறி பாத்துப் போடும்? ஆனா மனுசன் மொகம் வெளுத்துப்போச்சு. அவரும் பயந்துட்டாருன்னு நெனைச்சேன்.

அப்புறம் கதவுக்குப் பின்னால ஒரு தேங்கா. அப்புறம் எங்க ரெண்டு பேரு தலகாணிக்கும் நடுவுல, கத்தரிக்கோலு.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? ஆகலியா. அப்ப உங்களுக்குப் புரியாது. புருசன் தலகாணிக்கும் பொண்டாட்டி தலகாணிக்கும் நடுவுல கத்தரிக்கோலு இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்? பிரிக்கறதுன்னு அர்த்தம். செய்வினைங்க. எவளோ உக்காந்து கணக்காச் செய்யறா. எவளோன்னு என்ன, எனக்குத் தெரியும் எவள்ன்னு.

தெரிஞ்சவங்க மூலமா குறி சொல்ற கோடாங்கி ஒருத்தரக் கூட்டியாந்தேன். எங்க ஊட்டுக்காரரு வேண்டாம் வேண்டாம்னாரு. இந்தக் காலத்துல போயி இதெல்லாமாங்கறாரு. நீங்க ஏனுங்க இப்படிப் பதறறீங்கன்னு கேட்டேன், துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சுக்கிட்டாரு. கோடாங்கி வந்து உடுக்கைய அடிச்சு, என்னென்ன பொருளு, எங்கெங்க இருந்துச்சுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லும்மான்னாரு. நான் சொல்றேன், பழம் கட்டிலுக்கு அடியில, முட்டை சொம்புக்குள்ள, தேங்கா கதவுக்குப் பின்னால, கத்தரிக்கோலு ரெண்டு தலகாணிக்கும் நடுவுல. நான் சொல்லச் சொல்ல எங்க ஊட்டுக்காரரு கண்ண மூடிக்கிட்டு முணுமுணுன்னு என்னமோ சொல்லிக்கிட்டே வர்றாரு. மனசு உருகிச் சாமி பேரத்தான் சொல்றாராட்டம் இருக்குதுன்னு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. என்னடா இது, இத்தன வருசத்துல இப்பத்தான் மனுசன் ஊட்டப் பத்திக் கவலைப்படறாருன்னு நெனைச்சேன்.

கோடாங்கி, இது வேலி தாண்டி வந்த வினைன்னாரு. வேலி இல்லீங்க, செவுருதானுங்கன்னேன். செவுரும் வேலிதானம்மான்னாரு. போதுமுங்களே, வேறென்ன வேணும்? வெச்ச ஆளு வாசலுக்கே எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துரோணும்னு சொல்லிட்டு, தட்சணையும் ஒரு வேட்டியும் வாங்கிட்டுப் போயிட்டாரு.

மறுநாள் காலையில காவேரித் தண்ணி வர்ற நேரம். வீதி பூராவும் கொடத்தோட நிக்குது. நான் தேங்கா, முட்டை, கத்தரிக்கோலு, புதுசா ஒரு எலுமிச்சம்பழம் எல்லாத்தையும் மொறத்துல வெச்சுக் கொண்டுபோயி தெய்வானை வாசல்ல கொட்டுனேன். முட்டை ஒடைஞ்சு போச்சு. எம் பையன உங்கண்ணம் மகளுக்குக் கட்டலைன்னு எங்குடும்பத்தையே பிரிக்கப் பாக்கறயான்னு கேட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டேன். பஸ்ஸுல சொல்ல முடியாதுங்க.

அவ கோலம் போட்டுக்கிட்டு இருந்தா. எந்திரிச்சா. கொட்டுனதப் பாத்தா. அழுகல, சத்தம் போடல. ஒண்ணே ஒண்ணு சொன்னா. "அக்கா, அந்தக் கத்தரிக்கோலு உங்களுதுதானுங்க. போன வருசம் மாரியம்மன் நோம்பியில நாம ரெண்டு பேருந்தான போய் வாங்குனோம்" அப்படின்னா.

பாத்தீங்களா நெஞ்சழுத்தத்த? எங்க ஊட்டுக் கத்தரிக்கோலயே எடுத்து எங்களுக்கே வெச்சிருக்கறாளேன்னு எனக்கு இன்னும் ஆங்காரமாப் போச்சு. எங்க ஊட்டுக்காரரு செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. அந்த நேரத்துல அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. சொல்லல. அன்னிக்குச் சாயங்காலமே அவ ஊட்டப் பூட்டிட்டு மக கிட்டப் போயிட்டா. செவுத்துக்கு அந்தப் பக்கம் வெளக்குக் கூட எரியல. செய்வினையும் நின்னு போச்சு. கட்டிலுக்கு அடியில, பீரோவுக்கு மேல, கதவு சந்து, ஒரு எடம் உடாம தெனமும் பாப்பேன், ஒண்ணும் இருக்காது. கோடாங்கி கை வெச்சாக் கையிதானுங்க.

சித்தோடு வந்துருச்சா? இருங்க, மிச்சத்தச் சொல்றேன். இதுக்கு மேலதான் விசயமே இருக்குது.

கொஞ்ச நாள் போச்சு. ஒரு நாள் காலையில தொவச்ச துணி காயப் போடலாம்னு மொட்டை மாடிக்குப் போறேன். படியில நிக்கறப்பவே ஒரு பொம்பள கொரலு கேக்குது. "ஏனுங்க மாமா, பழம் எங்கீங்க இருக்குது?" அப்படீங்குது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. நம்மூருப் பேச்சு, ஆனா என்னமோ வாயில கல்கண்டப் போட்டுக்கிட்டுப் பேசறாப்பல ஒரு இழுப்பு. எட்டிப் பாத்தா, எங்க ஊட்டுக்காரரு பூந்தொட்டியில போனச் சாத்தி வெச்சுக்கிட்டு, அதுக்கு முன்னால சப்பணம் போட்டு உக்காந்திருக்கறாரு. தலை மேல ஒரு எலுமிச்சம்பழம்.

நெசமாலுமுங்க, உச்சந்தலையில, உழுந்துருமோன்னு கழுத்த விறைப்பா வெச்சுக்கிட்டு. அந்த மொட்டைத் தலையில அது எப்படித்தான் நின்னுச்சோ. உக்காந்துகிட்டு இங்கிலீசுல என்னமோ சொல்றாரு.

நான் ஈரத் துணியோட பாஞ்சேன். இத்தன நாளா வினை வெச்சது என்ற புருசனா, அதுவும் இன்னொருத்தி சொல்லிக் குடுத்தா? போனப் புடுங்கி, ஆருடி நீன்னு ஒரு சத்தம் போட்டேன். உள்ள பாத்தா மொழுமொழுன்னு ஒரு புள்ள. கழுத்தளவு முடி. அது கிடுகிடுன்னு எந்திரிச்சு நின்னுச்சு. ரெண்டு கையையும் கூப்பிச்சு. "நாந்தானுங்க அத்த, லின்தோய். சாப்ட்டீங்ளா?" அப்படின்னுச்சு. காலங்காத்தால, இன்னும் அடுப்புக் கூடப் பத்த வெக்கல, சாப்ட்டீங்ளாங்குது.

வையறதுக்குத்தான் வாயெடுத்தேன். இத்தன மருவாதியாப் பேசறவள எப்படி வையறது? என்ற பையனே எங்கிட்ட ஒரு நாளும் இப்படிப் பேசுனதில்ல. இன்னும் சாப்பிடலையே கண்ணுன்னு என்ற வாயே சொல்லிருச்சு.

அப்புறம்தான் எல்லாம் வெளிய வந்துச்சு. ரெண்டு பேரும் மூணு மாசமா எனக்குத் தெரியாம பாடம் நடத்தியிருக்கறாங்க. இவரு அவளுக்குத் தமிழு, அவ இவருக்கு இங்கிலீசு. அதுல மேல, கீழ, உள்ள, பின்னாலன்னு வர்ற சின்னச் சின்ன வார்த்தைங்க இவருக்கு மண்டையில நிக்கவே இல்லையாம். அது என்னமோ ப்ரபொசிசனாம். அதுக்கு அந்தப் புள்ள ஒரு வழி சொல்லியிருக்குது. தெனமும் ஒரு பொருள ஒரு எடத்துல வைங்க மாமா, சாயங்காலம் வரைக்கும் எடுக்காதீங்க, போறப்ப வர்றப்ப எல்லாம் அதப் பாத்து மனசுக்குள்ள சொல்லிப் பாருங்கன்னு. இவரும் வெச்சிருக்கறாரு. ஊட்டுல வேற பொருளே இல்லாத மாதிரி எலுமிச்சம்பழத்தையும் முட்டையையும் கத்தரிக்கோலையும் தேடித் தேடி வெச்சிருக்கறாரு. கோடாங்கி முன்னால முணுமுணுத்தது சாமி பேரில்லீங்க, வீட்டுப்பாடம்.

நான் என்ன கேட்டேன்னு சொல்லட்டுங்களா? "ஊட்டுக்கு வராத புள்ளைகூடப் பேசறதுக்கு இங்கிலீசு படிச்சீங்க. முப்பது வருசமா எங்கூடப் பேசறதுக்கு என்ன படிச்சீங்க?" அப்படின்னு கேட்டேன். கோவத்துல கேக்கலீங்க. பையன், அந்தப் புள்ள, இவருன்னு மூணு பேரும் செவுத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்க, நான் மட்டும் இந்தப் பக்கம்னு இருந்துச்சு எனக்கு.

அவரு தலையிலிருந்த பழம் அப்பத்தான் உழுந்து உருண்டு ஓடுச்சு. "உனக்குச் சொல்லிக் குடுக்கத்தான் சவுந்தரம் நான் மொதல்ல படிச்சேன்" அப்படின்னாரு. நேரா அவ சொல்லிக் குடுத்தா நான் ஒத்துக்க மாட்டேனாம், ரோசக்காரியாம். தான் கத்துக்கிட்டு மெதுவா எனக்குச் சொல்லிக் குடுத்துட்டா, அந்தப் புள்ள வர்றப்ப நான் தனியா உக்காந்திருக்க வேண்டியதில்லன்னு நெனைச்சாராம். இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா ஒரு முட்டையாவது மிஞ்சியிருக்கும்.

அப்புறம் எனக்கும் பாடம் ஆரம்பிச்சாங்க. அவருக்கு மாசக்கணக்கா ஏறாதது எனக்கு நாலே நாள்ல ஏறிருச்சு. ஏறாம? ஒவ்வொரு எடமும் எனக்குத்தான் மனப்பாடமாச்சுங்களே. அண்டர் த காட், இன் த சொம்பு, பிஹைண்ட் த டோர். ஒண்ணு மட்டுந்தான் எனக்குப் புடிக்கல. நாம பொருளச் சொல்லிட்டு எடத்தச் சொல்றோம், கட்டிலுக்கு அடியிலன்னு. அவங்க அடியிலன்னு மொதல்லயே சொல்லிட்டு, எதுக்கு அடியிலங்கறத அப்புறமாச் சொல்றாங்க. அது வரைக்கும் கேக்கற மனுசன் என்னமோ ஏதோன்னு மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கோணுமா? இத அந்தப் புள்ளைகிட்ட எங்க ஊட்டுக்காரர உட்டுக் கேக்கச் சொன்னேன், உழுந்து உழுந்து சிரிச்சுச்சு. நான் அவள லிந்தாயின்னுதான் கூப்புடறேன். நம்மூருப் பேராட்டவே இருக்குது.

கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டேன். பூசை பண்ணி ஒரு மாசத்துக்குள்ள இப்படி ஒரு மருமவ கெடைச்சா பாருங்க, அதனாலதான் சொல்றேன், கோடாங்கி பண்ணுனது வீண் போகல.

இப்பத்தானுங்க சிக்கலு. எங்கள்ல மாப்பளைக்குக் கூடப்பொறந்தவ இணைச்சீர் செஞ்சாத்தான் கல்யாணம். அவ சீர்க்கூடையோட அண்ணம் பக்கத்துல நிக்கோணும். எனக்குப் பொண்ணு இல்ல. எம் பையனுக்குத் தங்கச்சின்னு இருக்கறவ ஒருத்திதான், தெய்வானை மக தாரணி. சின்ன வயசுல இருந்து அண்ணா அண்ணான்னு அவன் பின்னாலயே திரிஞ்சவ. அவளுக்குப் போன் பண்ணுனேன். "எங்கம்மா சொன்னாத்தான் வருவேன் பெரியம்மா" அப்படின்னு ஒரே வார்த்தை, வெச்சுட்டா. பையன் என்னடான்னா, தாரணி வந்து நிக்கலைன்னா மண்டபமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவேங்கறான். ஒரே பையனுங்க. பந்தல் போட்டு, மாவெளக்கு எடுத்து, நாலு பேரு மெச்சப் பண்ணிப் பாக்கோணும்னு எத்தன வருச ஆசை.

எங்க ஊட்டுக்காரரு போன வாரம் தனியாக் கோபிக்கு வந்துட்டுப் போனாரு. என்ன பேசுனாரோ, தன்ற தப்பெல்லாம் ஒத்துக்கிட்டாராம். தெய்வானை என்னங்க சொன்னான்னு கேட்டா, நீயே போய்ப் பாருன்னுட்டாரு. பெரியவங்களப் பாக்கப் போனா கையில எலுமிச்சம்பழந்தான குடுக்கறோம், அதே பழத்த நீ வினைன்னுட்டயேன்னு எனக்கு அறிவுரை வேற. பழத்த வெச்சவரு அவரு.

நீங்களே சொல்லுங்க, இதுல எம்பேர்ல என்ன தப்பு? அவ பண்ணலதான். இல்லீங்கல. ஆனா பண்ணியிருக்க மாட்டான்னு நான் எப்படி நெனைக்க முடியும்? காம்பும் எலையும் அவ மரத்துதுங்களே. அதனால நான் மன்னிப்பெல்லாம் கேக்கப் போறதில்ல. பையில ஒரு சீலை இருக்குது, தாரணிக்குன்னு எடுத்தேன். இன்னொரு சீலையும் இருக்குது. அது தெய்வானைக்குப் புடிச்ச கலரு, கடையில சும்மா கண்ணுல பட்டுச்சு, எடுத்தேன். அத எப்படிக் குடுக்கறதுன்னுதான் தெரியல. ஊட்டத் தொறக்காமயே போன்னு சொல்லிட்டான்னா என்ன பண்றதுன்னும் தெரியல. வேற ஒண்ணும் பேச மாட்டேங்க, சும்மா வாசல்ல நின்னு கூப்புடுவேன். தெய்வானைன்னு கூப்புட்டா அவளுக்கு என்ற கொரலு தெரியும். இத்தன வருசமா அந்தச் செவுத்து வழியா அப்படித்தான கூப்புட்டேன். இப்பச் செவுத்துப் பக்கம் போனா ஒரு சத்தமும் இல்ல, ஊடே ஊடாட்ட இல்லீங்க.

வந்துருச்சுங்களா? இதுதான் கோபி பஸ் ஸ்டாண்டா, எல்லாம் மாத்திட்டாங்க. அந்தப் பைய எடுத்துக் குடுங்க கண்ணு. அண்டர் த சீட். பாத்தீங்களா, வருதில்ல.

சித்த இருங்க, எறங்காதீங்க. அந்த டீக்கடைக்கு முன்னால பச்சைச் சீலையில ஒருத்தி நிக்கறாளே, தெய்வானையாட்ட இருக்குது. நான் வர்றேன்னு ஆரு சொன்னது? அவருதான் போன் பண்ணியிருப்பாரு, அவருக்கு ரகசியமா எதையாச்சும் பண்ணலைன்னாத் தூக்கம் வராது. அவதான். அவளேதான். இந்தப் பக்கந்தான் பாக்கறா. கையில மஞ்சளா என்னமோ வெச்சிருக்கறா.

எலுமிச்சம்பழமுங்க.

கண்ணாடிய ஊட்டுலயே மறந்து வெச்சுட்டு வந்துட்டேன், தூரத்துல மொகம் செரியாத் தெரிய மாட்டேங்குது. நீங்க சித்த எட்டிப் பாத்துச் சொல்லுங்க கண்ணு. அவ சிரிக்கறாளா?